முற்றத்துப் படத்தில் ஐந்தாவது ஆள்

"2043 மாசி 9. காணி மீட்பு மனுவில் நான்கு பேர் என்று எழுதிவிட்டேன். படத்தில் ஐந்து பேர். இரண்டு முறை எண்ணியும் பிழைவிட்டிருக்கிறேன்."

மாலை வகுப்பு முடிந்து வந்ததும் சாம்பவி இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அம்மாவிடம் படத்தை நீட்டினாள். போர்க்காலத்தில் இராணுவம் அவர்கள் வீட்டு முற்றத்தை வானிலிருந்து எடுத்த படம் அது. முருங்கை நிழலில் நின்ற ஐந்தாவது ஆளைக் காணி அலுவலக இயந்திரம் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தது. புதுச் சட்டப்படி, காணியை மீட்கப் படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வந்து கையெழுத்திட வேண்டும். வராதவருக்கு மரணச் சான்றிதழ் வைக்க வேண்டும். ஊரே அதை எதிர்த்துக்கொண்டிருந்தது.

அம்மா வட்டத்தைத் தொட்டாள். "அண்ணை!"

போரின் முடிவில் காணாமல் போன, அம்மா முப்பத்துநான்கு வருடங்களாகத் தேடும் மாமா.

"மாமா செத்திட்டார் எண்டு குடுத்தாத்தான் காணி வருமாம், அம்மா."

"எங்கட முத்தத்தை மேல நிண்டு பாத்தவங்கள், அவர் எங்க எண்டு எங்களிட்டயோ கேக்கிறாங்கள்? நல்ல பகிடி!"

ஒரு நாள் மட்டுமா பார்த்திருப்பார்கள்? சாம்பவி படத்தின் மூலையிலிருந்த திகதியை மூன்று முறை சரிபார்த்தாள்: மாமா காணாமல் போனதற்கு முந்தைய நாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்தாள்.

"நாளைய வேலை: மனுவில் ஐந்தாவது ஆளின் கையெழுத்துக் கட்டத்தில், 'இதற்கு அடுத்த நாள் எடுத்த படத்தைத் தரவும்' என்று எழுதிக் கொடுப்பது."