புஷ்பவல்லி வாசித்த கடிதம்

"டிவி பக்கத்துல என் கண்ணாடி இருக்கு பாரு, எடு. என்னத்தைக் கிறுக்கியிருக்கான்னு பார்ப்போம்" என்றாள் புஷ்பவல்லி, ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே.

மருமகள் மாதவி கண்ணாடியைக் கொடுத்தாள். கூடவே கடிதத்தையும்.

புஷ்பவல்லியின் மகன் யுகேந்திரன் மலேசிய ராணுவத்தில் இருக்கிறான். பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சரவாக் எல்லையில் போன் லைன் எட்டாத ஒரு காட்டு முகாமில் வீட்டுக்கு அனுப்பும் உத்தரவுக்காகக் காத்திருக்கிறான். சாப்பாட்டுச் சாமான் இறக்கும் ஹெலிகாப்டரில்தான் அவன் கடிதங்கள் வெளியே வரும். எல்லாம் மனைவிக்கு. அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை.

காரணம் இருந்தது. புஷ்பவல்லி தன் அண்ணன் மகளைப் பேசி வைத்திருக்க, இவன் மாதவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றான். "என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்றாள் அம்மா. "நீங்களா கூப்பிடாம இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றான் மகன். பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அதோடு பேச்சு நின்றுபோனது.

முதல் கடிதத்தோடு மாதவி கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி இந்தச் செந்தூல் ஃபிளாட்டுக்கு வந்தபோது, புஷ்பவல்லி கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றே "என்ன?" என்றாள்.

"நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவ அத்தை. இவரு தமிழ்லயே எழுதியிருக்காரு. படிச்சுச் சொல்ல ஆளில்ல."

கதவு திறந்தது. அதன்பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் திறந்தது. இப்போதெல்லாம் குடிக்க மைலோவும் கிடைக்கிறது.

"கட்டினவளுக்குப் படிக்க வராதுன்னு தெரிஞ்சும் தமிழ்ல எழுதுறானே, இவன் என்ன ஜென்மமோ!"

"மலாய்ல எழுதினா பாசம் வரலையாம் அத்தை."

"க்கும்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு புஷ்பவல்லி வாசிக்க ஆரம்பித்தாள். "'அன்புள்ள மாதவி, ஆர்டர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் வந்து சேருவேன்...'"

சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "முருகா! கை கால் முழுசா என் புள்ளையைத் திருப்பி அனுப்பிட்டப்பா. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் கடிதத்தைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஏதாச்சும் இருக்கா அத்தை?"

"இருக்கு லா, இரு." தொண்டையைச் செருமினாள். "'ஏர்போர்ட்டிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அம்மா கையால் நண்டுப் பிரட்டல் சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது. வரலாமா என்று நீயே அம்மாவைக் கேள்.'"

"நெசமாவா அத்தை?"

"பின்னே, நானா சொல்றேன்?" கடிதத்தைப் படபடவென்று மடித்து உறைக்குள் திணித்தாள்.

"அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

"நானாக் கூப்பிடல. அவனே வாயைத் திறந்து கேட்டுட்டான். பெத்தவ மாட்டேன்னா சொல்வேன்? வரட்டும். நீயும் வா. கிள்ளான்ல நண்டு நல்லா கிடைக்கும், வரும்போது வாங்கிட்டு வா."

மாதவி சட்டென்று அவள் காலில் விழுந்தாள். "ரொம்ப நன்றி அத்தை."

"ஏய், எந்திரி! எனக்கு எதுக்கு நன்றி? நீ மட்டும் கடிதாசியைத் தூக்கிக்கிட்டு இங்க வரலைன்னா, என் புள்ளை எப்படி இருக்கான்னுகூட எனக்குத் தெரிஞ்சிருக்காது. நான்தான் உனக்குச் சொல்லணும்." மருமகளின் தலையை முதல்முறையாகத் தடவிக் கொடுத்தாள்.

கொமுட்டரில் உட்கார்ந்ததும் மாதவி கடிதத்தைப் பிரித்தாள். அதில் நண்டும் இல்லை, அம்மா வீட்டுக்குப் போகும் பேச்சும் இல்லை. "அம்மா கூப்பிடாமல் செந்தூலுக்கு வரமாட்டேன், வற்புறுத்தாதே" என்று நேற்றே நாலைந்து முறை வாசித்திருந்த கடைசி வரிக்குக் கீழே, ஏர்போர்ட்டில் அவனிடம் நீட்டுவதற்காக, முத்து முத்தான தமிழில் எழுதினாள்: "அம்மா கூப்பிட்டுவிட்டார்கள், வாருங்கள்."