ஒரு கீறல் இல்லாமல்

"குளவி கூடு கட்டியிருக்கு! இன்ஜினை வெச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு!" சிலிண்டர் ஓட்டைக்குள் விரலை விட்டுக் காய்ந்த மண்ணைத் தோண்டி, படகுக்காரியின் காலடியில் எறிந்தார் தங்கக்கை.

அந்தப் பட்டப்பெயரை அவருக்கு யார் வைத்தது என்று பட்டறைத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவரே வைத்துக்கொண்டது என்று எதிர்ப்பட்டறைக்காரர் சொல்வார். எதிர்ப்பட்டறைக்காரருக்கு மரை கழண்டுவிட்டது என்று இவர் சொல்வார்.

"போன வாரத்திலேர்ந்து படகு நிக்குதுண்ணே" என்றாள் படகுக்காரி. "அக்கரைக்கு ஆள் ஏத்தினாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும். இந்த எட்டு ஸ்டட்டையும் கழட்டணும். சேதாரம் ஆகக் கூடாது."

பழைய இன்ஜின் பிளாக்கின் தலையில் எட்டு ஸ்டட்டுகளும் விரல் பருமனில், துருவேறி, விறைத்துக்கொண்டு நின்றன. சிலிண்டர் மூடியை இறுக்கிப் பிடிப்பவை அவைதான். அடிமுனை பிளாக்குக்குள் மரையோடு மரையாக இறங்கியிருக்கும். துரு பிடித்துவிட்டால் லேசில் கழலாது.

"சேதாரமா? யார்கிட்ட வந்து என்ன பேசறே?"

"இல்லண்ணே, பிளாக்கை எப்படி வேணும்னாலும்..."

"எப்படி வேணும்னாலும் செய்யறதுக்கு எதிர்ப்பட்டறை இருக்கு. இங்க தொழில் நடக்குது. பொறி பறக்கும், வெளிய போய் உக்காரு!" சொன்னதோடு நிற்காமல் கதவைத் தாழ்ப்பாளும் போட்டார். ஜன்னல் வழியே பார்த்தால், அவள் ஒரு நீள மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"சோத்தைக் கட்டிக்கிட்டே வந்துட்டா, பொழுதுபோக்க வந்த மாதிரி" என்று முணுமுணுத்தார்.

முதல் ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. சுற்றிலும் கேஸ் டார்ச்சால் சூடு காட்டி, மெழுகுவர்த்தியை வைத்து மரைக்குள் மெழுகை இழுக்கவிட்டார். அப்போதும் அது கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி வீம்பாக நின்றது.

இதற்கு மேல் முறுக்கினால் பிளாக்கின் மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஸ்டட் போனால் வேறு போட்டுக்கொள்ளலாம், பிளாக் போனால் போனதுதான். தொழில் தெரிந்த எவரும் சொல்லும் சங்கதி இது. தங்கக்கை யோசிக்காமல் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தார்.

இரைச்சல் கிளம்பியதுமே வெளியிலிருந்து கதவு படபடவென்று தட்டப்பட்டது. "இதுகளுக்கெல்லாம் பொறுமைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்று கிரைண்டரை இன்னும் அழுத்தினார்.

எட்டையும் அடியோடு அறுத்தார். உள்ளே சிக்கிய மிச்சத்தை நடுவில் துளையிட்டு, மெல்லிய உளியால் தோல் உரிப்பதுபோல உரித்தெடுத்தார். மதியம் கதவைத் திறந்தபோது முகத்தில் கரியும் கர்வமும் அப்பியிருந்தன.

"வா, வந்து பாரு! ஒரு கீறல் இருக்கா?"

எட்டு ஓட்டைகளிலும் மரை புதுசு போல மின்னியது. அருமையான வேலைதான். அந்த ஆளைப் பிடிக்காவிட்டாலும் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

படகுக்காரி ஓட்டைகளைப் பார்க்கவில்லை, தரையைத் துழாவினாள். மரப்பெட்டியைத் திறந்தாள். அதில் சோறு இல்லை, பஞ்சுதான் இருந்தது.

"ஸ்டட்டெல்லாம் எங்கண்ணே?"

"அந்தத் துருப்பிடிச்ச துண்டுங்களா? குப்பையில கிடக்கு. எதுக்கு, மாலை கட்டிப் போட்டுக்கவா?"

அவள் பெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் படகு இன்ஜின்ல ஸ்டட்தாண்ணே அறுந்துபோச்சு. இந்த சைஸ் எங்கயும் கிடைக்கல. லேத்துல செஞ்சு போட்டது ஒரு நாள்கூடத் தாங்கல. இது மேலதான் துரு, உள்ள நல்ல உருக்குன்னாங்க. அதுக்காகவே பழைய இரும்புக் கடையில இந்தச் செத்த இன்ஜினைத் தேடிப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தேன்."

தங்கக்கையின் பார்வை அவள் காலடியில் சிதறிக் கிடந்த குளவிக் கூட்டின்மேல் போய் நின்றது. போன வாரம் வரை ஓடிய இன்ஜினுக்குள் குளவி எப்போது குடிவந்தது?

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "எப்பேர்ப்பட்ட கொம்பன் வந்தாலும் சரி. பிளாக்குக்குச் சேதாரம் இல்லாம இந்த ஸ்டட்டை முழுசா எடுக்கவே முடியாதும்மா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிளாக்கை உடைச்சு எடுங்கன்னுதாண்ணே சொல்ல வந்தேன்."