வின்சென்ட் பேசுகிறான்

கத்தாரிலிருந்து கணவன் வின்சென்ட் தினமும் வீட்டுக் கணினியில் வந்து பேசும்போது, நடுநடுவே விளம்பர லிங்க் குதித்தது. செலினும் பொறுத்துப் பார்த்தாள். மார்பில் கட்டி என்று அவனிடம் மட்டும் சொன்ன அன்று, "பயப்படாத, நான் இருக்கேன்லா" என்றவன், அதே மூச்சில் டோப்பாக் கடை லிங்க் ஒன்றையும் நீட்டினான். வைரஸ் ஒட்டுக் கேட்கிறது என்று கொதித்துப்போய் மெக்கானிக்கை வரவழைத்தாள்.

அவன் துழாவிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"விளம்பரத்த மட்டும் எடுக்க முடியாதுக்கா. பேசுறதே அந்த வைரஸ்தான். போன லீவுல வந்தப்போ, தனக்குப் பதிலா பேசட்டும்னு அண்ணன்தான் ஏத்திட்டுப் போயிருக்காரு."

செலின் திரையை விட்டு மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "அப்போ கட்டி இருக்குறது அவருக்கு இன்னும் தெரியாதா?"

திரையிலிருந்த வின்சென்ட் முந்திக்கொண்டான்.

"பயப்படாத செலின், நான் இருக்கேன்லா."