எட்டணாவின் தேன்மிட்டாய்

பெட்டிக்கடைக் கல்லாவின் மூலையில் கிடந்த எட்டணாவுக்கு, அதாவது பழைய ஐம்பது காசு நாணயத்துக்கு, எதிரே பாட்டிலில் இருந்த தேன்மிட்டாய் மேல் தீராத ஆசை. ஒரு காலத்தில் மிட்டாயின் விலை சரியாக எட்டணா. இப்போது இரண்டு ரூபாய்.

அன்று காலை வந்த பேப்பர், "விலைவாசி கட்டுக்குள் வந்தாச்சு. பெரிய பேங்க் குறிவச்ச மாதிரியே நாலு சதவீதம்" என்றது.

எட்டணாவுக்குத் துருவெல்லாம் உதிர்ந்தாற்போல் இருந்தது. "அப்போ மிட்டாய் எங்கிட்ட இறங்கி வந்துடுமா தம்பி?"

"இறங்காதுங்க பெரியவரே. வருஷா வருஷம் நாலு சதவீதம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். அதுக்குப் பேருதான் கட்டுக்குள்ள."

"நிக்கவாச்சும் செய்யுமா?"

"நின்னுட்டா பேங்க்குக்குக் குறி தப்பிடுச்சுன்னு அர்த்தம்."

எட்டணா பாட்டிலையே பார்த்தது.

"மெதுவாத்தானே போகும்? சரி. கண்ணுக்கு மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டிருக்கேன்."