கந்தகத் திரி

லோடு ஆட்டோவில் கஸ்பார் வீட்டுப் பீரோ ஏறிக்கொண்டிருந்தது.

அவன் சந்து முனையில் நின்று பார்த்தான். ஒரு பக்கம் கஸ்பார் பிடித்திருந்தான். மறுபக்கம் ஆட்டோக்காரன்.

போன மாதம் வரை மறுபக்கம் எப்போதும் அவன் கைதான் இருந்தது. ஐஸ் கம்பெனியில் எதைத் தூக்கினாலும் அவர்கள் இருவரும்தான். மெஷின் ரூமில் அவர்களுக்கு ஜோடி என்றே பெயர்.

கஸ்பார் அவனைப் பார்த்துவிட்டான். ஆனாலும் பீரோவை ஏற்றி முடித்த பிறகுதான் திரும்பினான்.

"என்னல, வேல போனதும் காத்து வாங்கக் கெளம்பிட்டியா?"

அவன் சட்டைப் பையிலிருந்து கந்தகத் திரியை எடுத்தான்.

கஸ்பாரின் சிரிப்பு அப்படியே நின்றது.

காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதுதான். திரியைப் பற்ற வைத்து, அமோனியாக் குழாய்களின் ஓரமாகவே கொண்டு போக வேண்டும். கசிவு இருக்கும் இடத்தில் புகை வெள்ளையாகத் திரளும். ஒருவன் திரியைப் பிடிப்பான். மற்றவன் தீக்குச்சி உரசுவான்.

பிடிப்பவன் குழாயைப் பார்க்க வேண்டும். உரசியவன், பிடிப்பவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முகம் மாறினால், தோளில் கிடக்கும் ஈரத்துண்டால் மூக்கைப் பொத்தி, அவனை இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும்.

தனியாக யாரும் திரி பற்ற வைத்ததில்லை.

கம்பெனியை வாங்கிய புது முதலாளி உள்ளே வந்த அன்றும் பற்ற வைத்தார்கள். பின்சுவரை ஒட்டிய வால்வில் புகை திரண்டது. அவன் கசிவு என்றான்.

முதலாளி கஸ்பாரைப் பார்த்தார்.

கஸ்பார், ஒன்றுமில்லை என்றான்.

மறுநாள் வாட்ச்மேன் கஸ்பாரை உள்ளே விட்டார்; அவனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில், கசிவென்றால் ஊதும் சைரனையும் கழற்றி எடுத்துப் போனார்கள்.

பின்சுவருக்கு இந்தப் பக்கம் காலனி. அதற்கப்பால் கடல். வீடுகளை விலைக்குக் கேட்டு முதலாளியின் ஆட்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். யாரும் கொடுக்கவில்லை. வந்தவர்கள் கோபப்படவும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சந்தின் நீளத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது சந்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் கண் சிவந்திருக்கிறது. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து விடுகிறார்கள். அவன் மனைவி ஜெசிந்தாவும் மகளுக்கு விடுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேராதே என்று அதட்டுகிறாள்.

இரவில் கம்பெனிப் பக்கமிருந்து கடலை நோக்கிக் கரைக்காற்று வீசும்போது அவனுக்கு அந்த வாடை வருகிறது.

வருவதுபோல் இருக்கிறது.

பல வருடம் அமோனியாவிலேயே கிடந்த மூக்கு. அதை நம்பி எப்படி ஊரை எழுப்புவது? வேலை போன வயிற்றெரிச்சல் என்பார்கள். சில சமயம் அவனுக்கே அப்படித் தோன்றியது.

பின்சுவரின் அடியில் தண்ணீர் போவதற்கு ஒரு துவாரம் இருந்தது. அவன் அதன் முன்னால் குந்தினான். கஸ்பாரும் வந்து பக்கத்தில் நின்றான். தோளில் துண்டு கிடந்தது. அந்தப் பக்கத்துச் சட்டை நனைந்திருந்தது. பீரோ தூக்கிய வியர்வை என்று அவன் நினைத்தான்.

திரியை நீட்டினான்.

"பத்த வையி."

"கடல் காத்து அடிக்குல்லா. இப்ப ஒண்ணும் தெரியாது."

"பெறகு எப்ப தெரியும்?"

கஸ்பார் நிமிர்ந்து, சிலுவை நின்ற குருசடியின் கொடியைப் பார்த்தான். கொடி கம்பெனிப் பக்கம் பறந்துகொண்டிருந்தது.

"வால்வ மூடிரு கஸ்பாரு. ஒன் கையிலதான இருக்கு."

"எங்கையில வீட்டுச் சாவிதான் இருந்துச்சு. அதயும் மொதலாளிட்ட குடுத்துட்டேன்." கஸ்பார் குரலைத் தாழ்த்தினான். "சனங்க தானா போயிரும்னு சொல்லுதாவ. ஜெசிந்தாவயும் பிள்ளையயும் கூட்டிட்டுப் போயிரு. இன்னைக்கே போயிரு."

அவன் தீப்பெட்டியைத் தானே எடுத்தான். தானே உரசினான்.

முதலில் புகை இருப்பதே தெரியவில்லை.

துவாரத்தருகே கொண்டு போனான். வெள்ளை. பஞ்சுபோல் திரண்டு, சுவரோடு ஒட்டி, மேலேறியது.

பழக்கத்தில் ஜோடியின் பக்கம் திரும்பினான். கஸ்பார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

கஸ்பார் தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் தோளில் போட்டான். ஆட்டோவை நோக்கி நடந்தான்.

துண்டு கனத்தது. குளிர்ந்திருந்தது. அதிலிருந்து வழிந்த தண்ணீர் அவன் முதுகில் இறங்கியது.

ஆட்டோ கிளம்பியது. மூட்டைகளின் மேல் கஸ்பாரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. அதன் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் தெருவில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டே போனது.

காற்று நின்றது.

கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. பிறகு மெல்ல அசைந்து, கடல் பக்கம் திரும்பியது.

அவன் வீடு சந்தின் கடைசியில் இருந்தது. அவன் முதல் வீட்டுக் கதவைத் தட்டினான்.

கையில் சொட்டு மருந்தோடு ஒரு பெண் திறந்தாள்.

"அக்கா, வீட்டுல எத்தன துண்டு இருக்கு?"