தெரியாத ஆளின் கார்

"யாருன்னே தெரியாத ஒருத்தன் வண்டியில என் பொண்ணு தனியா போறதா? நடக்காது."

சொல்லிவிட்டு அவர் சோபாவில் சாய்ந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு வந்த உடம்பு. தலைமுடியிலும் புருவத்திலும் மாவு. ஷூவைக் கழற்றவும் அலுப்பாக இருந்தது. கழற்றித்தான் என்ன, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட மறுபடியும் கிளம்ப வேண்டும்.

பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இருந்தது. நேர் பஸ் கிடையாது. நல்ல பள்ளிக்கூடம் என்று அலையாய் அலைந்து இடம் வாங்கியவர் அவர்தான். அதனால் வேலை முடிந்து வந்த கையோடு, தன் பழைய காரில் மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகுதான் படுப்பார். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து போயிருக்கிறார்.

மகள் பதில் பேசாமல் பையில் புத்தகங்களை அடுக்கினாள். பதினைந்து வயது. எதிர்த்துப் பேசினாலாவது அதட்டி உட்கார வைக்கலாம். இந்த மௌனத்தை என்ன செய்வது?

ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. பிள்ளைகள் தனியாகப் போவதற்கென்றே வாடகைக் கார் கம்பெனி ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறதாம். வண்டி எங்கே போகிறது என்று பெற்றவர்களின் செல்போனில் தெரியுமாம். ஏறும்போது ரகசிய எண்ணைச் சொன்னால்தான் கிளம்புமாம். மகள் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு முடியாது என்றார்.

மனைவிதான் அவருக்குப் புரியாத புதிராக இருந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மகள் தெருமுனைக் கடைக்குப் போனாலே திரும்பி வரும்வரை வாசலில் நிற்பவள். வாடகைக் கார் பேச்சு வந்ததும் முதலில் வேண்டாம் என்று பதறியவளும் அவள்தான். பிறகு ஒருநாள் சமையலறையில் அம்மாவும் பெண்ணும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அன்றோடு கட்சி மாறிவிட்டாள்.

"ஒரு நாள் போய்ப் பார்க்கட்டுமே. நீங்களும் கொஞ்சம் சீக்கிரம் படுக்கலாம்ல" என்றாள் இப்போது.

படுக்க வேண்டும் என்று நான் கேட்டேனா என்று முனகினார். மகள் தலை வாரிக்கொள்ள உள்ளே போனதும், நாலைந்து நாளாக நெஞ்சில் கிடந்ததை மெல்ல எடுத்து வைத்தார்.

"என் வண்டியில வந்து இறங்க அவளுக்கு வெட்கமா இருக்கு. அதான் விஷயம். கூடப் படிக்கிறதுங்க எல்லாம் பளபளன்னு வந்து இறங்குதுங்க. இவ மட்டும் மாவு பூசின அப்பனோட இறங்குறா."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகளின் அறைப் பக்கம் பார்த்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அந்த நிறுத்தமே அவருக்குப் பதிலாகப் பட்டது. இதற்கு மேல் மல்லுக்கட்டத் தெம்பில்லை. காரைக் கூப்பிடு என்று கையைக் காட்டிவிட்டார்.

வெள்ளைக் கார் வந்து நின்றது. கீழே இறங்கிப் போய் வண்டி எண்ணைப் பார்த்தார். ஓட்டுநரின் முகத்தையும் பார்த்தார். அவரை விட நாலைந்து வயது மூத்த, கண்ணாடி போட்ட ஆள். நிதானமாகப் போங்கள், வழியில் எங்கும் நிறுத்த வேண்டாம் என்று சொன்னார். மகள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க போய்ப் படுங்கப்பா."

அதுகூட அவருக்கு, இங்கே நிற்காதீர்கள் என்றுதான் கேட்டது.

மேலே வந்து படுத்தார். கண் எரிந்ததே தவிரத் தூக்கம் வரவில்லை. செல்போனை எடுத்து, வரைபடத்தில் ஊர்ந்துபோகும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைத்தெரு, மருத்துவமனை, பாலம். பாலத்தின் நடுவில் புள்ளி நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

மகளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. எழுந்து உட்கார்ந்து மனைவியைச் சத்தம் போட்டு அழைத்தார். மனைவி பாதி கட்டிய சேலையோடு ஓடி வந்தாள். ஓட்டுநரின் எண்ணைத் தேடி அழுத்தினார்.

ஓட்டுநர் உடனே எடுத்தார். தாழ்ந்த குரலில் பேசினார்.

"பாலத்துல நெரிசல் சார், வண்டி நகரல. பாப்பா ஏறின உடனே தூங்கிடுச்சு. போன் அடிச்சதுகூடத் தெரியல, அவ்வளவு அசதி. எழுப்பட்டுமா?"

வேண்டாம், பள்ளிக்கூட வாசலில் எழுப்பினால் போதும் என்று சொல்லிப் போனை வைத்தார். பயம் எழுந்து போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது.

"முன்னப்பின்ன தெரியாத ஆளு. அவன் வண்டியில ஏறின உடனே தூங்குறா. என்கூட ரெண்டு வருஷமா வர்றா, ஒருநாள்கூடக் கண் அசந்ததில்ல. அதென்ன, இதென்னன்னு எதையாவது தொணதொணன்னு கேட்டுக்கிட்டே வருவா. பெத்த அப்பன் வண்டியில வராத தூக்கம் அங்க மட்டும் எப்படி வந்துச்சு?"

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த செல்போனை வாங்கி வைத்தாள்.

"சொன்னா அப்பா மனசு கஷ்டப்படும், சொல்லாதீங்கம்மான்னு அவதான் சொன்னா. பாலத்துல ஏறினதும் உங்க கண்ணு தானா மூடிடுதாம், அவ பேச்சுக் கொடுத்தாத்தான் திறக்குதாம். ஓட்டுறவர் தூங்குற வண்டியில பிள்ளை எப்படிங்க தூங்கும்?"