ஒரு தடவை தட்டினால்

ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால் மட்டும் கார் சூடேறிவிடுகிறது என்று ஹெட்மாஸ்டர் சொன்னதுமே மெக்கானிக் மரியசூசைக்குப் பிடிபட்டுவிட்டது.

"ரேடியேட்டர் ஃபேன் சுத்தலை சார். மோட்டார் நல்லாத்தான் இருக்கும், சென்சார்தான் போயிருக்கும். ஏசி போட்டா ஃபேன் தானா சுத்தும் பாருங்க. நான் பம்பர்ல ஒரு தடவை தட்டினா ஏசியப் போடுங்க, ரெண்டு தடவை தட்டினா நிறுத்துங்க."

"ஒண்ணுன்னா போடணும், ரெண்டுன்னா நிறுத்தணும்" என்று நல்ல மாணவனைப்போல் ஒப்பித்துவிட்டு, ஹெட்மாஸ்டர் உள்ளே உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். தூக்கி நிறுத்திய பானட் அவர் முகத்தை மறைத்தது.

இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. தட்டுவதற்கு முன்னால், ஃபேன் இறுகியிருக்கிறதா என்று பார்க்க மரியசூசை றெக்கைகளுக்கு நடுவே விரல்களை விட்டான். தள்ளியதும் லேசாகச் சுழன்றது. இறுக்கமில்லை. கையை எடுக்கப் பார்த்தான்; வாட்ச் வார் உள்ளே மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தான். வார் வரவில்லை. ரேடியேட்டர் விளிம்பில் வைத்திருந்த ஸ்பேனர்தான் சரிந்து பம்பரில் விழுந்தது.

டங். ஒரே ஒரு தடவை.

"சார், போடாதீங்க!"

இன்ஜின் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இருபது வருஷத்தில் அவன் சொன்ன கோளாறு ஒருநாளும் தப்பியதில்லை. மாதாவே, இன்றைக்கு மட்டும் தப்பட்டும், இந்த மோட்டார் செத்தே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே ஏசி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

டிக்.